முட்டி மாற்றப் போகிற தங்கைக்கு அக்காவின் டிப்ஸ்

ஆவணியில் முட்டி ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று மயிலாடுதுறையிலிருந்து தங்கை போன் செய்தாள். "அக்கா, உனக்குத்தான் ரெண்டு காலும் ஆகியிருக்கே, எப்படி இருக்கும்னு சொல்லு" என்றாள். ஒரு மணி நேரம் சொன்னேன். மறுநாள் திரும்பவும் கூப்பிட்டு, "நேத்து சொன்னதுல பாதி மறந்துடுச்சு, எழுதிக் குடுத்துடு" என்றாள்.

எனக்கு 61 வயதில் வலது முட்டி, 64 வயதில் இடது முட்டி மாற்றினார்கள். முதல் தடவை ஒன்றும் தெரியாமல் பட்டேன். இரண்டாம் தடவை தெரிந்து செய்தேன். வலது காலுக்கு நான்கு மாதத்தில் கிடைத்தது இடது காலுக்கு ஆறு வாரத்தில் கிடைத்தது. அவளுக்கு எழுதிக் கொடுத்ததையே இங்கேயும் தருகிறேன். அவளைப் போல நாள் குறித்துவிட்டுப் பயந்துகொண்டிருக்கிற தங்கைகளுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிற பிள்ளைகளுக்கும் இது உதவும்.

முதலில் பயத்தை விடு

முட்டியையே வெட்டி எறிந்துவிட்டு இரும்பு முட்டி வைக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அழுதாய். அப்படி இல்லை. தொடை எலும்பின் நுனியும் கீழ்க்கால் எலும்பின் தலையும் தேய்ந்துபோய் ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்தத் தேய்ந்த பரப்பை மட்டும் சுமார் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுக்கிறார்கள். மேல் எலும்புக்கு கோபால்ட் குரோமியம் உலோகத்தில் ஓர் உறை, கீழ் எலும்புக்கு டைட்டானியத் தட்டு, நடுவில் வழுக்கிக்கொண்டு அசைய பாலிஎத்திலீன் என்கிற உறுதியான பிளாஸ்டிக். பல்லுக்குக் கேப் போடுவது மாதிரி என்று என் டாக்டர் சொன்னார். ஒன்று, ஒன்றரை மணி நேர வேலை.

உலோகம் முதல் நாளே தயாராக இருக்கும். அன்றைக்கே அதன்மேல் நிற்கலாம். நாளாவது தொடைத் தசைக்குத்தான். வலிக்குப் பயந்து நீ ஐந்தாறு வருடமாக அந்தக் காலைத் தாங்கித் தாங்கி நடந்தாய், அதில் தசை இளைத்துப்போனது. ஆபரேஷனில் அதை விலக்கித்தான் உள்ளே போகிறார்கள். அந்தத் தசையைத் திரும்ப எழுப்புகிற வேலையை உனக்காக வேறு யாரும் செய்ய முடியாது.

வீட்டை இப்போதே தயார் செய்

* கக்கூஸ்: உன் வீட்டில் இருப்பது குத்துக்கால் போடுகிற கக்கூஸ். ஆபரேஷனுக்குப் பிறகு அது உனக்கு ஆகாது. இப்போதே வெஸ்டர்ன் டாய்லெட் போட்டுவிடு. அது முடியாவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் கமோடு நாற்காலி கிடைக்கும், வாடகைக்கும் தருகிறார்கள்.

* குளியலறை: சுவரில் கைப்பிடி அடிக்கச் சொல். ஆடாத, உயரமான பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று போடு. சோப்புத் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

* நாற்காலி: கை வைத்த, உயரமான, கெட்டியான நாற்காலி ஒன்று. உட்கார்ந்தால் இடுப்பு முட்டியைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். சோபாவில் புதைந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது.

* படுக்கை: தரையில் பாய் போட்டுப் படுக்கிற பழக்கத்தை இப்போதே விடு. மாடி அறை வேண்டாம். கீழே, குளியலறைக்குப் பக்கத்தில் கட்டில் போடு.

* தரை: மிதியடி எல்லாவற்றையும் எடுத்துவிடு. செல்போன் சார்ஜர் வயர் நடைபாதையில் கிடக்கக்கூடாது. ராத்திரி எழுந்து போக ஒரு சின்ன விளக்கு எரியட்டும். சேலையோ நைட்டியோ கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். வாக்கரோடு நடக்கும்போது ஓரம் காலில் மாட்டினால் விழுவாய்.

* சமையலறை: தினம் எடுக்கிற பாத்திரம், டப்பா எல்லாம் இடுப்பு உயரத்துக்கு வரட்டும். கீழ் அலமாரியில் குனிந்து எடுப்பதும் முக்காலி போட்டு ஏறுவதும் கூடாது.

* ஆள்: முதல் இரண்டு வாரம் ராப்பகலாக ஒருவர் கூடவே வேண்டும். முதல் வாரத்துக்கு யார், இரண்டாம் வாரத்துக்கு யார் என்று இப்போதே பேசி வை.

உடம்பையும் தயார் செய்

சொத்தைப் பல் இருந்தால் முன்கூட்டியே பார்த்து முடித்துவிடு. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், கால் விரலிடுக்கில் சேற்றுப்புண், காலில் சின்னக் கீறல் எது இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல். உடம்பில் எங்கேயோ இருக்கிற கிருமி ரத்தத்தோடு போய்ப் புது முட்டியில் உட்கார்ந்துவிடலாம். காலில் உள்ள முடியை நீயே மழிக்காதே. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும்.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வா. உனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். சர்க்கரை ஏறியிருந்தால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும் ஆபத்தும் கூடும். இதயத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ சாப்பிடுகிற மாத்திரைகளையும் நாட்டு மருந்து, லேகியம் உட்பட எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. எதை நிறுத்துவது, எப்போது நிறுத்துவது என்பதை அவர்கள் சொல்ல வேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முட்டி இம்ப்ளாண்ட்டுக்கு உச்ச விலை வைத்தது. பரவலாகப் பொருத்துகிற கோபால்ட் குரோமியம் முட்டிக்கு அப்போது வரி இல்லாமல் ரூ.54,720. பிறகு விலை மாறியிருக்கும், ஆனாலும் பில்லில் இம்ப்ளாண்ட்டின் பெயரும் விலையும் தனியாகப் போட்டுத் தரச் சொல்லிக் கேள். கேட்கக் கூச்சப்படாதே. இம்ப்ளாண்ட்டோடு வருகிற ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தருவார்கள். அந்தத் தாளை நகை மாதிரி பத்திரப்படுத்து. பத்து வருடம் கழித்து ஏதாவது பார்க்க வேண்டியிருந்தாலும் அதுதான் ஆதாரம்.

முதல் நாள் சுகம், இரண்டாம் நாள் வலி

ஆபரேஷன் அன்று ராத்திரி, "இவ்வளவுதானா?" என்று தோன்றும். முதுகில் போட்ட ஊசியும் காலை மரக்க வைக்கிற ஊசியும் வேலை செய்துகொண்டிருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. போன் போட்டு எல்லாரிடமும் வலியே இல்லை என்று சொன்னேன். மறுநாள் மரமரப்பு இறங்கியதும் வலி வந்தது பார், ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்து அழுதேன். தப்பு ஒன்றும் நடக்கவில்லை. அது அப்படித்தான். நீ முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்.

அன்றைக்கே அல்லது மறுநாளே வாக்கர் கொடுத்து எழுப்பி நிற்க வைப்பார்கள். இன்னும் கொஞ்சம் படுத்திருக்கிறேனே என்று கெஞ்சாதே. சீக்கிரம் நடந்தால் காலில் ரத்தம் உறைகிற ஆபத்து குறையும், நெஞ்சில் சளி கட்டாது, குடலும் வேலை செய்யும். படுத்திருக்கிற நேரத்தில் மணிக்குப் பத்து தடவை பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இரு. தையல் மிஷினை மிதிக்கிற மாதிரி அசைவு. அது கெண்டைக்கால் ரத்தத்தை மேலே தள்ளும்.

பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளில் வீட்டுக்கு அனுப்புவார்கள். காரில் முன் சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளி, சாய்த்து, மேலே ஒரு பிளாஸ்டிக் கவர் விரித்துக்கொள். முதலில் உட்கார், பிறகு அப்படியே வழுக்கித் திரும்பிக் காலை உள்ளே வை. ஆட்டோ வேண்டாம்.

தலையணை விஷயத்தில் நான் பட்டது

இதை இரண்டு தடவை படி.

வலது கால் முடிந்து வீட்டுக்கு வந்தேன். மடக்கி வைத்தால் வலி குறைவாக இருந்தது. என்னைப் பார்த்துக்கொள்ள வந்த அம்மா பாசத்தோடு ஒரு தலையணையை எடுத்து முட்டிக்கு அடியில் வைத்தார். அவ்வளவு சுகம்! இரண்டு வாரம் ராத்திரி பகல் அப்படியே படுத்திருந்தேன். எத்தனை டிகிரி மடங்குகிறது என்று எல்லாரும் கேட்டார்கள். நேராக நீள்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

மூன்றாம் வாரம் பிசியோதெரபிஸ்ட் என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, காலை நீட்டச் சொல்லி, முட்டிக்குப் பின்னால் தன் கையை நுழைத்தார். உள்ளங்கை தாராளமாக உள்ளே போனது. கால் 15 டிகிரி வளைந்தே நின்றுவிட்டது. அப்படி வளைந்த காலில் நடந்தால் ஒரு கால் குட்டையான மாதிரி நொண்டும், தொடை சீக்கிரம் களைத்துப்போகும், இடுப்பும் வலிக்கும். அதை நிமிர்த்த நான்காம் மாதம் வரை ஆனது. அந்த வலி ஆபரேஷன் வலியைவிடக் கொடுமை.

இடது காலுக்கு முதல் ராத்திரியிலிருந்தே தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைத்தேன். முட்டி அந்தரத்தில் நிற்கும், தன் பாரத்தாலேயே கீழே இறங்கி நிமிரும். ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்து பத்து, பதினைந்து நிமிடம் என்று ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. வலிக்கத்தான் செய்யும். பொறுத்துக்கொள்.

தினமும் நீயே சோதித்துப் பார்க்கலாம். காலை நீட்டி உட்கார்ந்து முட்டிக்குப் பின்னால் கையை நுழை. நாளுக்கு நாள் இடைவெளி குறைய வேண்டும். ஒருநாள் கை உள்ளே போகாமல் மெத்தையிலேயே முட்டி ஒட்டும். அன்றைக்கு எனக்குப் போன் செய்.

தினம் மூன்று வேளை பயிற்சி

பிசியோதெரபிஸ்ட் சொல்வதுதான் கடைசி வார்த்தை. எனக்குச் சொல்லிக் கொடுத்தவற்றை இங்கே எழுதுகிறேன். ஒவ்வொன்றும் பத்து தடவை.

1. அழுத்துவது: காலை நீட்டிப் படுத்து, முட்டியின் பின்பக்கத்தை மெத்தையில் அழுத்து. தொடை கல்லாக இறுகும். ஐந்து எண்ணி விடு.

2. தூக்குவது: மற்றக் காலை மடக்கி வைத்துக்கொண்டு, ஆபரேஷன் காலை வளைக்காமல் ஓர் அடி தூக்கு. ஐந்து எண்ணி மெதுவாக இறக்கு. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கவே வராது. தசை உன் பேச்சைக் கேட்காதது போலிருக்கும். பயப்படாதே, வரும்.

3. இழுப்பது: குதிகாலை மெத்தையிலேயே தேய்த்துக்கொண்டு உன் பக்கம் இழுத்து முட்டியை மடக்கு. குதிகாலுக்கு அடியில் வழவழப்பான பிளாஸ்டிக் கவர் ஒன்றைப் போட்டால் நன்றாக வழுக்கும்.

4. நாற்காலியில் மடக்குவது: உட்கார்ந்து, நல்ல காலால் ஆபரேஷன் காலின் பாதத்தை மெதுவாகப் பின்னால் தள்ளு. ஐந்து எண்ணும்வரை அங்கேயே நிறுத்து.

5. நாற்காலியில் நீட்டுவது: உட்கார்ந்தபடி காலை நேராக நீட்டித் தூக்கி, ஐந்து எண்ணி இறக்கு.

பயிற்சிக்கு அரை மணி அல்லது முக்கால் மணி முன்னால் வலி மாத்திரையைப் போட்டுக்கொள். முடிந்ததும் ஐஸ் வை.

இடது காலுக்கு என் மகள் ஒன்று செய்தாள். நாற்காலியை ஒரே இடத்தில் போட்டு, பாதத்தைப் பின்னால் இழுக்கும்போது கட்டைவிரல் எட்டுகிற இடத்தில் தினம் ஒரு சாக்பீஸ் கோடு போட்டாள். முதல் வாரம் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தது. இரண்டாம் வாரம் கோடுகள் நெருங்கிவிட்டன. இரண்டு நாள் ஒரே இடத்தில் நின்றது, ஒரு நாள் பின்னடைந்துகூடப் போனது. ஆனால் பதினைந்தாம் நாள் பார்த்தபோது முதல் கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளியிருந்தேன். ஒரு நாளைப் பார்த்துச் சோர்ந்து போகாதே, வாரத்தைப் பார்.

கணக்குக்குச் சொல்கிறேன். இரண்டு வாரத்தில் சுமார் 90 டிகிரி மடங்கினால் நல்லது. ஆறு வாரத்தில் 110-ஐ நெருங்கலாம். படி ஏறவும் நாற்காலியிலிருந்து எழவும் 85 முதல் 105 டிகிரி வரை தேவைப்படும். ஆறு வாரத்துக்குப் பிறகும் 90-ஐத் தாண்டவில்லை என்றால் டாக்டரிடம் ஒளிக்காதே. மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் வழி இருக்கிறது, அதற்கும் மூன்று மாதத்துக்குள் போனால்தான் பலன் அதிகம்.

நடையும் படியும்

முதலில் வாக்கர், பிறகு ஆபரேஷன் கால், கடைசியில் நல்ல கால். நடக்கும்போது கீழே பார்க்காதே, எதிரே பார். குதிகாலை முதலில் ஊன்று. ஐந்து நிமிடம், பத்து நிமிடமாக ஒரு நாளைக்குப் பல தடவை நட. ஒரேயடியாக அரை மணி நடந்தால் சாயந்திரம் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கும். வீங்கினால் மடங்காது.

இரண்டு மூன்று வாரத்தில் வாக்கரை விட்டுத் தடிக்கு மாறலாம். தடி நல்ல காலின் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். வலது காலில் ஆபரேஷன் என்றால் இடது கையில் தடி. நம் ஊரில் பாதிப்பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள்.

உன் வாசலில் மூன்று படி இருக்கிறது. ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். ஒரு கை கைப்பிடியில். கைப்பிடி இல்லாவிட்டால் இப்போதே அடித்துவிடு.

உட்காரும்போது நாற்காலி விளிம்பு காலில் படும்வரை பின்னால் போ. ஆபரேஷன் காலைச் சற்று முன்னால் நீட்டு. இரண்டு கையாலும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கு. வாக்கரைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்திருக்காதே, அது உன்மேல் சாயும்.

வலி, வீக்கம், ஐஸ்

வலியைத் தாங்கிக்கொள்வது பெருமை என்று நம் வீட்டில் வளர்த்துவிட்டார்கள். இதில் அது வேண்டாம். வலி உச்சிக்கு ஏறிய பிறகு மாத்திரை போட்டால் இறங்க நேரமாகும். டாக்டர் சொன்ன வேளைக்குப் போடு. அவர் எழுதாத வலி மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்காதே. உனக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கிறது, சிறுநீரகம் கெடும்.

ஐஸ் 15 முதல் 20 நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. ஐஸ் கட்டியைக் கவரில் போட்டு, துண்டில் சுற்றி வை. தோலில் நேராகப் படக்கூடாது. கட்டு நனையக்கூடாது. படுத்திருக்கும்போது கால் நெஞ்சைவிட உயரமாக இருக்கட்டும். அப்போதும் தலையணை குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும்தான்.

சொந்தக்காரர்கள் வந்து உப்பு ஒத்தடம் கொடு, தவிட்டு ஒத்தடம் கொடு, தைலம் தேய்த்து நீவி விடு என்பார்கள். வேண்டாம். புது ஆபரேஷனில் சூடு வைத்தால் வீக்கம் கூடும். அழுத்தி நீவினால் கெண்டைக்காலில் ரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்துவிடலாம். தையல்மேல் மஞ்சளும் பூசாதே, விபூதியும் போடாதே. 12 முதல் 14 நாளுக்குள் தையல் பிரிப்பார்கள். அதுவரை அந்த இடம் காய்ந்தே இருக்க வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ ஊசியோ கொடுப்பார்கள். இரண்டு வாரம் முதல் ஐந்து வாரம் வரை ஆளைப் பொறுத்து மாறும். நன்றாகத்தானே நடக்கிறோம் என்று நடுவில் நிறுத்தாதே.

சாப்பாடு

பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும், முட்டை கூடாது, கத்தரிக்காய் கூடாது, புளி கூடாது என்று பத்தியம் சொல்லுவார்கள். எனக்கும் முதல் தடவை பத்து நாள் ரசஞ்சாதமே போட்டார்கள். சீழ் பிடிப்பது கிருமியால், பருப்பால் இல்லை. அறுத்த இடம் கூடவும் தசை வளரவும் புரதம் வேண்டும். ஆகவே தினம் பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் எல்லாம் சாப்பிடு. வருகிறவர்கள் கொண்டுவருகிற ஹார்லிக்ஸும் இனிப்பும் உனக்கு வேண்டாம், சர்க்கரை ஏறும்.

வலி மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாலு நாள் போகாமல் இருந்து நான் பட்ட வேதனை முட்டி வலியையே மறக்கடித்தது. தண்ணீர் நிறையக் குடி. கக்கூஸுக்கு எழுந்து போக வேண்டியிருக்கும் என்று பயந்து தண்ணீரைக் குறைக்காதே. கீரை, கொய்யா, பப்பாளி சேர்த்துக்கொள். இரண்டு நாள் போகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி மருந்து வாங்கிவிடு.

தூக்கமும் மனசும்

முதல் ஒரு மாதம் ராத்திரி தூக்கம் சரியாக வராது. சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். ஒருக்களித்துப் படுக்க அனுமதி கிடைத்ததும் இரண்டு முட்டிக்கும் நடுவில் தலையணை வைத்துக்கொள். பகலில் நீளமாகத் தூங்காதே.

மூன்றாம் வாரத்தை நினைவில் வை. பார்க்க வருகிற கூட்டம் நின்றுவிடும். உதவிக்கு இருந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். வலி இன்னும் இருக்கும், தூக்கம் இருக்காது. இதை ஏன் செய்துகொண்டோம் என்று அழுகை வரும். எனக்கு இரண்டு தடவையும் வந்தது. இரண்டாம் தடவை இது போய்விடும் என்று தெரிந்திருந்ததால் தாங்க முடிந்தது. அப்போது என்னைக் கூப்பிடு, ராத்திரி இரண்டு மணியானாலும் சரி. ஐந்தாறு வாரம் தாண்டியும் மனம் தேறவில்லை என்றால் டாக்டரிடமும் சொல்.

எங்கள் ஓரகத்தி பத்தே நாளில் கோயிலுக்குப் போனாள் என்று யாராவது சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதே. அவள் உடம்பு வேறு, உன் உடம்பு வேறு.

பயப்பட வேண்டாதவை

* தொடையிலிருந்து கணுக்கால் வரை நீலமும் மஞ்சளுமாகக் கன்றியிருக்கும். ரத்தம் கீழே இறங்குகிறது, இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும்.
* தொட்டால் முட்டி கதகதவென்று இருக்கும். பல மாதம் இருக்கும்.
* தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப்போயிருக்கும். தோல் நரம்பு அறுபடுவதால் வருவது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், சிறிதளவு நிரந்தரமாகவும் நிற்கலாம்.
* நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்கும். உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டிக்கொள்கிற சத்தம்.
* உட்கார்ந்து எழுந்தால் முதல் நாலடி விறைப்பாக இருக்கும்.

உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டியவை

* தையல் இடத்தில் சீழ், நீர் கசிவு, பரவிக்கொண்டே போகிற சிவப்பு.
* 100 டிகிரிக்கு மேல் விடாத காய்ச்சல், குளிர் நடுக்கம்.
* குறைந்துகொண்டு வந்த வலி திடீரென்று ஏறுவது.
* கெண்டைக்காலில் புதிதாக வலி, இறுக்கம், வீக்கம்.
* கீழே விழுந்தால், வலி இல்லாவிட்டாலும் சொல்.

திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ இருமலில் ரத்தம் வந்தாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்காதே. 108-ஐக் கூப்பிடு. ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

கிருமி பிடிப்பது நூற்றில் ஒருவர் இருவருக்குத்தான். ஆனால் பிடித்தால் சீக்கிரம் பார்த்தவர்களுக்கே முட்டி காப்பாற்றப்படும். பக்கத்துக் கிளினிக்கில் நீயாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதே. ஆபரேஷன் செய்த டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

எப்போது என்ன செய்யலாம்

ஆறு வாரத்தில் தடி இல்லாமல் வீட்டுக்குள் நடப்பாய், நின்று சமைப்பாய். ஸ்கூட்டி ஓட்ட ஆறு முதல் எட்டு வாரம், அதுவும் டாக்டர் சரி என்ற பிறகு. மூன்று மாதத்தில் கடைத்தெரு, கல்யாணம், பஸ் பயணம். பஸ்ஸிலோ ரயிலிலோ போனால் மணிக்கு ஒரு தடவை காலை நீட்டி அசை. முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும்.

சம்மணம் போடுவது, குத்துக்காலிட்டு உட்காருவது, தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவது, இவற்றை விட்டுவிடு. கோலத்தை மருமகளுக்குக் கொடு. பூஜைக்கு நாற்காலி போட்டு உட்கார், சாமி ஏற்றுக்கொள்ளும். பல் பிடுங்கப் போனால் முட்டி மாற்றியதைச் சொல். விமான நிலையத்தில் சோதனைக் கருவி சத்தம் போட்டால் சம்மரியைக் காட்டு.

ஐப்பசி கடைசியில் காவிரித் துலாக்கட்டத்தில் கடைமுழுக்குப் போட வேண்டும் என்றாய். அப்போது உனக்கு மூன்று மாதம்கூட முழுதாக ஆகியிருக்காது. பாசி பிடித்த படியில் கூட்டத்தோடு இறங்குவதை நினைத்துப் பார். இந்த வருடம் மாப்பிள்ளையை ஒரு சொம்பில் மொண்டுவரச் சொல்லித் தலையில் தெளித்துக்கொள். அடுத்த வருடம் இருவரும் சேர்ந்து போகலாம்.

புது முட்டி இருபது வயது முட்டி ஆகாது. ஐந்தில் ஒருவருக்கு எதிர்பார்த்த திருப்தி கிடைக்காமலும் போகிறது. ஆனால் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்த அந்த எலும்பு வலி எனக்குப் போயே போய்விட்டது. வைத்த முட்டிகளில் பத்துக்கு எட்டு 25 வருடம்கூட உழைக்கிறது. உனக்கு 60 வயது. மிச்ச காலத்தை நடந்து கழிக்கலாம்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் வந்துவிடுகிறேன். உன் அத்தானிடம் சொல்லியாகிவிட்டது, இரண்டு வாரம் உன்னோடுதான் இருப்பேன். அதற்குள் வெஸ்டர்ன் டாய்லெட் வேலை முடிந்திருக்க வேண்டும். நீ அழுதாலும் சரி, திட்டினாலும் சரி, முட்டிக்கு அடியில் தலையணை வைக்க நான் விடமாட்டேன்.